கட்டிங் மாஸ்டரின் பிள்ளைகள்

திருப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டைச் சந்துகளில் சூப்பர்மேன் குவியலாகக் கிடப்பார். பேட்மேன், ஸ்பைடர்மேன், ஹல்க், கேப்டன் அமெரிக்கா எல்லோரும் அதே குவியலில். சில பனியன்களில் கழுத்து லேபிள் பாதியாக வெட்டப்பட்டிருக்கும். சிலதில் பிரிண்ட் ஒரு நூல் விலகியிருக்கும். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியது, செக்கிங்கில் ஒதுக்கப்பட்டது, எந்தக் கப்பலையும் நினைக்காமல் உள்ளூரிலேயே பார்த்து அடித்தது என மூன்றும் கலந்து கிடக்கும். வியாபாரிகளுக்கு இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: 'கார்ட்டூன் அயிட்டம்'.

சூப்பர்மேனைப் பற்றி நம்மூரில் தலைமுறைகளாக ஓடும் ஜோக் ஒன்று உண்டு. பேண்டுக்கு மேல ஜட்டி போட்டவன். நாட்டுக்கே ஜட்டி தைத்துப் போடும் ஊருக்கு இந்த ஜோக்கில் கூடுதல் உரிமை இருக்கிறது. அந்த உடை சர்க்கஸ் பலவான்களிடமிருந்து வந்தது. எடை தூக்கிக் காட்டுபவர்களும் மல்யுத்தக்காரர்களும் உடம்போடு ஒட்டிய கால்சட்டைக்கு மேல் குட்டை டிராயர் போட்டுக்கொண்டு மேடை ஏறிய காலம் அது. வரைந்தவன் பார்த்ததை வரைந்தான். எனக்கு அந்த உடையைவிட, வரைந்த பையன்தான் முக்கியமாகப் படுகிறான். அவன் ஒரு தையல்காரரின் மகன்.

சூப்பர்ஹீரோ வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிரேக்கப் புராணத்தில் ஆரம்பிப்பார்கள். ஹெர்குலிஸ், சாம்சன், நடுவில் கொஞ்சம் நீட்சே. தையல் மிஷினிலிருந்து ஆரம்பித்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது.

சூப்பர்மேனை வரைந்த ஜோ ஷஸ்டர் 1914இல் டொரண்டோவில் பிறந்தவர். அப்பா ஜூலியஸ் அங்கே துணித் தொழில் நடந்த பகுதியில் தையல் கடை வைத்திருந்தார். வீட்டில் காசு புழங்காது. காகிதம் வாங்க முடியாமல் பொட்டலக் காகிதத்திலும் சுவரில் ஒட்டும் காகிதத்தின் பின்பக்கத்திலும் வரைந்து பழகிய பையன். குடும்பம் கிளீவ்லாண்டுக்குக் குடிபெயர்ந்த பிறகு அங்கே அவனுக்குக் கிடைத்த கூட்டாளி ஜெர்ரி சீகல். சீகலின் அப்பாவும் துணிக்காரர்தான், பழைய துணிக் கடை வைத்திருந்தார். 1932 ஜூனில் அந்தக் கடையில் திருட்டு நடந்தபோது மயங்கி விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு என்று பதிவானது. அப்பாவைக் காப்பாற்ற முடியாத பையன்தான் குண்டு துளைக்காத மனிதனைக் கற்பனை செய்தான் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது கொஞ்சம் சினிமாத்தனமான விளக்கம் என்பது என் எண்ணம். சீகல் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதும் இல்லை. ஆனால் அடுத்த சில வருடங்களுக்குள் சூப்பர்மேன் உருவானது நிஜம்.

இதோடு முடிந்திருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். 1941இல் ஹிட்லரின் தாடையில் குத்துவிட்டபடி வந்த கேப்டன் அமெரிக்காவை உருவாக்கியவர்கள் ஜோ சைமன், ஜாக் கிர்பி. சைமனின் அப்பா தையல்காரர். கிர்பியின் அப்பா நியூயார்க்கில் ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளி. பிற்பாடு ஸ்பைடர்மேன், ஹல்க், எக்ஸ்-மென் உருவாக்கத்தில் பெயர் வாங்கிய ஸ்டான் லீயின் அப்பா ருமேனியாவிலிருந்து வந்தவர், பெண்கள் உடை வெட்டுகிறவர். திருப்பூர் பாஷையில் சொன்னால் கட்டிங் மாஸ்டர். மகாமந்தத்துக்குப் பிறகு அவருக்கு நிரந்தர வேலை அமையவே இல்லை.

இவர்கள் எல்லாம் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பங்கள். அப்போதைய நியூயார்க் துணித் தொழில் பெரிய அளவில் அவர்கள் கையாலும் இத்தாலியர்கள் கையாலும் ஓடியது. 1911இல் அங்கே டிரையாங்கிள் என்ற கம்பெனியில் தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், பலர் பதின்ம வயதுக்காரர்கள். கதவு பூட்டியிருந்தது. சைமன், கிர்பி, லீ மூன்று பேரும் அந்தத் தீக்கு அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குள் பிறந்தவர்கள். அவர்கள் வீடுகளில் பேச்சு எதைப் பற்றி இருந்திருக்கும் என்று ஊகிக்க திருப்பூர்க்காரர்களுக்குச் சிரமம் இருக்காது.

அதனால்தானோ என்னவோ, 1938இன் சூப்பர்மேன் இப்போது நாம் பார்க்கிற ஆளே இல்லை. அவருக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். வேற்றுக்கிரகப் படையெடுப்பு எல்லாம் இல்லை. முதல் கதையிலேயே மனைவியை அடிக்கிறவனைப் பிடித்துத் தூக்கிப்போடுகிறார். லஞ்சம் கொடுத்து அரசியல்வாதியை வளைப்பவனை மிரட்டுகிறார். மூன்றாவது இதழில் ஒரு சுரங்க முதலாளி வருகிறான். பாதுகாப்பே இல்லாத சுரங்கத்தில் தொழிலாளி ஒருவன் மாட்டிக்கொள்ள, சூப்பர்மேன் அந்த முதலாளியையும் அவன் விருந்துக்கு வந்த பணக்காரக் கூட்டத்தையும் அதே சுரங்கத்துக்குள் அடைத்துவிட்டு, இப்போது தெரிகிறதா என்று கேட்கிறார். தையல்காரர் வீட்டுப் பையன்கள் யோசித்த ஹீரோ அப்படித்தான் இருப்பான்.

அந்த ஹீரோவுக்கு அவர்களுக்குக் கிடைத்த கூலி 130 டாலர். பக்கத்துக்கு 10 டாலர், 13 பக்கம். சுத்தமான பீஸ் ரேட். அந்தப் பணத்தோடு சூப்பர்மேனின் முழு உரிமையும் கம்பெனிக்குப் போனது. அந்தக் காசோலை 2012இல் ஏலத்துக்கு வந்தபோது 1,60,000 டாலருக்குப் போனது. சீகலும் ஷஸ்டரும் 1947இல் வழக்குப் போட்டார்கள். ஏதோ ஒரு தொகையோடு சமாதானம் ஆனது, வேலையும் போனது. ஷஸ்டருக்குப் பார்வை மங்கியது. ஒரு கட்டத்தில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார்.

சீகல் என்ன ஆனார்? இங்கேதான் நம்ம சிவகாசி வருகிறது.

1960களின் நடுவில், அமெரிக்காவில் எழுத இடம் சுருங்கிய சீகல், லண்டனிலிருந்து வந்த 'லயன்' வார இதழுக்கு ஒரு தொடர் எழுதினார். டெட் கோவன் தொடங்கிய கதாபாத்திரத்தை இவர் எடுத்து நடத்தினார். ரெக் பன் வரைந்தார். கூர்மையான காது, எலும்பும் தோலுமான முகம், வலை வீசும் துப்பாக்கி, தன்னைத்தானே குற்ற உலகின் சக்கரவர்த்தி என்று அறிவித்துக்கொண்ட வில்லன், பிறகு திருந்தி ஹீரோ. ஆமாம், ஸ்பைடர். தமிழ் வாசகர்கள் செல்லமாகக் கூர்மண்டையர் என்று கூப்பிட்ட அதே ஆள். பிரிட்டனில் ஸ்பைடரை ஒரு தலைமுறைக்குப் பிறகு மறந்தே போனார்கள். தமிழில் 1984இல் எஸ். விஜயன் சிவகாசியிலிருந்து 'லயன் காமிக்ஸ்' தொடங்கியதும், அவர் இங்கே மறுபிறவி எடுத்தார். சூப்பர்மேனைப் பெற்றவனின் கடைசிக் காலத்துப் பிள்ளைகளில் ஒன்று கரிசல்காட்டில் வளர்ந்தது. படித்தவர்கள் யாருக்கும் அது தெரியாது, ஏனென்றால் அந்தக் காலத்து பிரிட்டிஷ் காமிக்ஸில் எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ போடும் வழக்கம் கிடையாது.

லயனுக்கு முன்னோடி 'முத்து காமிக்ஸ்'. விஜயனின் அப்பா சௌந்தரபாண்டியன் 1972இல் தொடங்கியது, ஆரம்ப ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. லண்டன் 'வேலியண்ட்' இதழில் 1962இல் ஆரம்பித்த தொடர். லூயிஸ் கிராண்டெல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலது கை போய், எஃகுக் கை பொருத்தப்பட்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முதலில் கெட்டவனாக இருந்து பிறகு உளவுத்துறை ஆளாகிறான்.

வரைந்தவர் ஹேசுஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். சகோதரர்களும் கூட உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். லண்டன் பத்திரிகைக்கு பார்சிலோனாவில் ஏன் வரைய வேண்டும்? திருப்பூரில் டி-ஷர்ட் ஏன் தைக்கிறார்கள் என்ற கேள்விக்கு என்ன பதிலோ அதேதான். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் கூலி குறைவு, வேலை நேர்த்தி. நடுவில் ஏஜென்சிகள் ஆர்டர் பிடித்துக் கொடுத்தன. கதை தபாலில் போகும், வரைந்த பக்கங்கள் தபாலில் திரும்பும். நம்மூர்க்காரர்களுக்குப் பழகிய வார்த்தையில் ஜாப் ஒர்க். மாயாவியின் நிழல்களை, அந்தக் கையின் மூட்டு மூட்டான பளபளப்பை வியந்து பார்த்த தமிழ்ப் பையன்களுக்கு பிளாஸ்கோ பெயர் தெரிய வர பல வருடங்கள் ஆயின. உடம்பு மறைந்து கை மட்டும் தெரிகிற ஹீரோவை, பெயர் மறைந்து கைவேலை மட்டும் தெரிந்த ஓர் ஓவியர் வரைந்திருக்கிறார்.

சிவகாசியில் அச்சானது பஸ் ஏறித் தமிழ்நாடு முழுக்கப் போனது, திருப்பூருக்கும். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும். எழுபது எண்பதுகளில் கம்பெனிக்குப் போன பையன்களில் பலர் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசுக்காரர்கள். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்துப் போடும் வேலைக்குக் 'கைமடி' என்று பெயர். கைமடியில் ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஷினில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பழகி, டெய்லராகி, அதிர்ஷ்டமும் சாதிபலமும் இருந்தால் காண்ட்ராக்டர், முதலாளி என்று போகிற பாதை அது. ஏறியவர்கள் கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஏறாதவர்கள்தான் அதிகம்.

அப்படி ஒரு பேட்லாக் டெய்லர். இப்போது அறுபதை நெருங்குகிறார். அவரிடம் காமிக்ஸ் பேச்சை எடுத்தால் போதும், நிறுத்த மாட்டார். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த முத்து காமிக்ஸ் வாங்கி, ரூமில் நாலு பேர் மாற்றி மாற்றிப் படித்ததைச் சொல்வார். "மெசின்ல ஒரு தடவ ஷாக் அடிச்சுப் போச்சுங்க தம்பி. பதிமூணு வயசு இருக்கும். கீழ விழுந்து எந்திரிச்ச ஒடனே மொதல்ல கையத்தான் பாத்தேன், மறஞ்சிருக்குதான்னு. எங்க மறையுது! மாஸ்டர் வந்து, ஏண்டா வேலைய உட்டுப்போட்டு கையப் பாத்துட்டு நிக்கறேன்னு ஒரு அறை உட்டாப்ல." சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் புத்தகம் வந்த ஊரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் படும் பாட்டைப் பற்றி ஸ்மிது கோத்தாரி ஆங்கிலத்தில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1983இல் வந்தது, லயன் காமிக்ஸ் தொடங்குவதற்குச் சரியாக ஒரு வருடம் முன்னால். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது: அபாயத் தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். நான் சொல்வது ஊரின் நிலையை, எந்த அச்சகத்தையும் சுட்டி அல்ல. தமிழ்ச் சிறுவர்களின் சாகச உலகம், வேலைக்குப் போகும் சிறுவர்கள் நிறைந்த ஓர் ஊரில் அச்சாகி, வேலைக்குப் போகும் சிறுவர்கள் நிறைந்த இன்னொரு ஊரில் படிக்கப்பட்டது. நம்ம காமிக்ஸ் நினைவுக் கட்டுரைகளில் கோடை விடுமுறையும் மாமா வீட்டுத் திண்ணையும் வரும். விடுமுறையே இல்லாத வாசகன் அவற்றில் வருவதில்லை.

டெலிவிஷன் இந்தக் கதையைச் சற்றுத் திருப்பியது. முதலில் ஒரு சின்னத் தகவல், சாயப்பட்டறை மாஸ்டர்கள் ரசிப்பார்கள். 1952இல் அமெரிக்க டிவியில் ஜார்ஜ் ரீவ்ஸ் சூப்பர்மேனாக நடித்த தொடர் ஆரம்பத்தில் கறுப்பு வெள்ளை. நீலமும் சிவப்பும் கேமராவில் ஒன்றுபோலத் தெரிந்துவிடும் என்பதால் பழுப்பு, சாம்பல் நிறத்தில் உடை தைத்தார்கள். திரையில் பார்த்தவன் மனதில் மட்டும் அது நீலமும் சிவப்பும்.

நமக்கு டிவி வந்தது தாமதமாக. எண்பதுகளில் தூர்தர்ஷன் வழியாக ஸ்பைடர்மேன், ஹீ-மேன், ஜப்பானிய ராட்சத ரோபோ எல்லாம் பேசும் பாஷை புரியாமலேயே நம் வீட்டுக்குள் வந்தார்கள். ஹீ-மேனை மட்டும் கவனிக்க வேண்டும். அவர் 1982இல் கடையில் விற்கும் பொம்மையாகத்தான் முதலில் பிறந்தார், கார்ட்டூன் பிறகுதான் வந்தது. கதையிலிருந்து சரக்கு வந்த காலம் போய், சரக்கை விற்கக் கதை தேவைப்பட்ட காலம். 1997இல் சக்திமான் வந்தார். இந்தி தெரியாத ஊரில் பையன்கள் ஒற்றைக் கையைத் தூக்கிச் சுற்றிச் சுற்றித் தலைசுற்றி விழுந்தார்கள். சக்திமான் உடை ரெடிமேடாகவே விற்றது. காமிக்ஸ் காலத்தில் ஹீரோ கைக்குள் இருந்தான், படித்து முடித்து அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். இப்போது அவன் உடம்பின் மேல் ஏறிக்கொண்டான்.

உடம்பு என்றால் துணி, துணி என்றால் திருப்பூர். 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்ததைத்தான் நேரடி ஏற்றுமதியின் தொடக்கமாக இந்த ஊர் சொல்லிக்கொள்கிறது. (இத்தாலியர்கள் 1948இல் உருவாக்கிய அமெரிக்க கௌபாய் டெக்ஸ் வில்லர் சில வருடங்களில் சிவகாசி வழியாக இதே கொங்கு மண்ணுக்கு வந்து, இன்றுவரை போகாமல் இருக்கிறார். லயன்-முத்து வாசகர்கள் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டிக் கூடும்போது பாருங்கள், தலைநரைத்த ஆட்கள் டெக்ஸுக்காகச் சண்டை போடுவார்கள்.) அதே 1978 டிசம்பரில்தான் கிறிஸ்டபர் ரீவ் நடித்த சூப்பர்மேன் படம் வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு, வயதான சீகல் பத்திரிகைகளுக்கு எழுதிய கோபமான கடிதத்தால் கம்பெனிக்குத் தலைகுனிவு ஏற்பட்டு, இருவருக்கும் வருடத்துக்கு 20,000 டாலர் உதவித்தொகை தர ஒப்புக்கொண்டார்கள். 'உருவாக்கியவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர்' என்ற வரியும் திரும்பக் கிடைத்தது. சினிமாவுக்குப் போன கதாபாத்திரத்தில் இப்போது பெயர் இருக்கிறது. ஜாக் கிர்பியின் குடும்பம் அந்த மாதிரி ஒரு சமாதானத்துக்கு 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் கிர்பி இறந்து இருபது வருடம் ஆகிவிட்டது.

வெறும் வெள்ளை டி-ஷர்ட் மெல்ல மெல்லப் படம் போட்டதாக மாறியது. உரிமம் பெற்ற ஹீரோ ஒரு பனியனில் ஏறுவது லேசான காரியம் இல்லை. படம் வெளிநாட்டிலிருந்து வரும். எந்த நீலம், எந்தச் சிவப்பு என்று எண் போட்டிருக்கும். நம்ம பிரிண்டிங் பட்டறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி சட்டம் போட்டு, கலர் கலக்கி, துண்டுத் துணியில் அடித்து மாதிரி அனுப்புவார்கள். எஸ் எழுத்தின் வளைவு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் திரும்பி வரும். முகத்தின் தாடைக் கோடு சரியில்லை என்று திரும்பி வரும். மூன்றாவது நாலாவது மாதிரியில் ஓகே ஆகும். அதற்குப் பிறகு ராத்திரி பகலாக டேபிளின் ரெண்டு பக்கமும் ஆட்கள் நின்று சட்டத்தை வைத்து இழுப்பார்கள். முன்பு மதுரை, தேனி, திண்டுக்கல் பையன்கள். இப்போது பீகார், ஒடிசா, ஜார்கண்டுக்காரர்களும். கைக்கு வருவது இன்னமும் பெரும்பாலும் பீஸ் கணக்குதான்.

ஓவியப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் விஷயம் இந்தப் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் கலர் கெட்டிப்படும் விதம் மாறும், அதற்கேற்ப ஆள் கலவையை மாற்றுவான். வெள்ளைக்கு மேல் சிவப்பு வேறு, கறுப்புக்கு மேல் சிவப்பு வேறு என்று அவன் விரலுக்குத் தெரியும். அந்த அறிவுக்கெல்லாம் பனியனில் இடமில்லை. லேபிளில் துவைக்கும் முறை இருக்கும், உரிமையாளர் கம்பெனியின் பெயரும் வருடமும் இருக்கும், 'மேட் இன் இந்தியா' இருக்கும். ஊர் பெயர்கூட இருக்காது.

திருப்பூர் தன் சொந்த ஹீரோ ஒருவனை ஏன் உருவாக்கவில்லை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இவ்வளவு மிஷின், இவ்வளவு கலர், இவ்வளவு கை இருக்கும் ஊர்தானே? பக்கத்து மலையாளத்தில் 2021இல் பேசில் ஜோசப் எடுத்த 'மின்னல் முரளி'யில் மின்னல் தாக்கிச் சக்தி பெறும் ஜெய்சன் ஒரு தையல்காரன். பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, அது நம்ம கதை என்று. ஆனால் சைமனும் கிர்பியும் லீயும் வெட்டுமேஜையை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஹீரோக்களை வரைந்தார்கள். அப்பாக்கள் வரையவில்லை. அவர்களுக்கு நேரம் இல்லை. இங்கேயும் கைமடிப் பையனின் பிள்ளைகள் இப்போதுதான் கல்லூரிக்குப் போகிறார்கள், டிசைன் படிக்கிறார்கள், சிலர் ராத்திரியில் படக்கதை வரைகிறார்கள். அவர்கள் வரைந்து கொண்டுவந்தால் அதற்குப் பக்கத்துக்கு எவ்வளவு கொடுப்போம், உரிமை யார் பெயரில் இருக்கும் என்பதைப் பற்றி இந்த ஊர் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. 1938இல் கையெழுத்துப் போட்ட இரண்டு பையன்களும் அதைப் பேசத் தெரியாதவர்கள்தான்.

அமெரிக்கச் சட்டப்படி 2034 ஜனவரி 1 அன்று சூப்பர்மேனின் முதல் கதை பொதுச்சொத்தாகிறது. சுரங்க முதலாளியை அடைத்துவைத்த அந்த மூன்றாவது இதழும் 1938தான், ஆகவே அதுவும் அன்றே. தாவுகிற சூப்பர்மேனை, யாரிடமும் கேட்காமல் அங்கே யாரும் புத்தகத்தில் அச்சடிக்கலாம், துணியிலும் அடிக்கலாம். மார்பில் இருக்கும் எஸ் சின்னம் மட்டும் வணிகக்குறி. பயன்பாட்டில் இருக்கும்வரை அதற்கு முடிவுத் தேதி கிடையாது. எஸ் இல்லாத சூப்பர்மேன் எத்தனை பீஸ் போகும் என்பதைக் காதர்பேட்டை வியாபாரிகளிடம்தான் கேட்க வேண்டும்.